படைச் செலவும் முதலீட்டுக் கணக்கும்

ஃபோர்டு மோட்டார் நிறுவனத்தின் தலைவராக இருந்த ராபர்ட் மக்னமாரா 1961-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைச் செயலராகி, ராண்ட் ஆய்வு நிறுவனத்தின் பொருளியலாளர் சார்லஸ் ஹிட்சை நிதிப் பொறுப்பில் அமர்த்தியதோடு, தொழில் நிறுவனங்களின் முதலீட்டுக் கணிப்பு முறைகள் பென்டகனில் வேரூன்றின. முப்படைகளும் தனித்தனியே ஆண்டுதோறும் பணம் கேட்டுவந்த வழக்கம் மாறி, ஓர் ஆயுதத்தின் விலையோடு அதை இயக்கவும் பழுதுபார்க்கவும் ஆகும் பல்லாண்டுச் செலவும் சேர்த்துக் கணக்கிடப்பட்டது. மலிவு என்று வாங்கியது பின்னர் சுமையாவதை முன்கூட்டியே காட்டிய இம்மாற்றம் பெரும் நன்மையே.

இம்முறைகளின் மையம் நிகர நிகழ்கால மதிப்பு, அதாவது வருங்கால வரவு செலவுகளைக் கழிவு வீதம் ஒன்றால் குறைத்து இன்றைய பணமாக மதிப்பிடுவது. அமெரிக்க மேலாண்மை, வரவுசெலவு அலுவலகம் 1992-இல் பொது முதலீடுகளின் நன்மை–செலவுக் கணிப்புக்குத் தனியார் முதலீட்டின் ஈட்டத்தை ஒட்டி 7 சதவீதத்தை அடிப்படை வீதமாக வகுத்தது. அவ்வீதத்தில் 30 ஆண்டு கழித்துக் கிடைக்கும் 100 டாலர் இன்றைக்கு 13 டாலராகச் சுருங்கும். 2 சதவீதமானால் 55 டாலராக நிற்கும். ஆகவே நெடுங்காலம் உழைக்கும் கப்பலின் தலைவிதியைப் பல வேளைகளில் கப்பலைவிட வீதமே தீர்மானித்துவிடுகிறது.

1963-இல் புதிய விமானந்தாங்கிக் கப்பலான ஜான் எஃப். கென்னடிக்கு அணு உலை வேண்டுமெனக் கடற்படை வற்புறுத்தியபோது, கூடுதல் செலவுக்கு ஈடான போர்த்திறன் கிட்டாது எனக் கணித்த மக்னமாரா எண்ணெய்க் கொதிகலன்களையே தேர்ந்தார். முந்தைய என்டர்பிரைஸ் கப்பலுக்கு எட்டு உலைகள் தேவைப்பட்ட நிலையில் அக்கணக்கு நேர்மையானதே. ஆனால் அடுத்து வந்த நிமிட்ஸ் கப்பலுக்கு இரண்டு உலைகளே போதுமானதாக, எண்ணெயில் ஓடும் அமெரிக்க விமானந்தாங்கிகளில் கென்னடியே கடைசியாயிற்று. தொழில்நுட்பம் கைகூடும்வரை உலையைத் தள்ளிவைத்ததற்கும் ஒரு மதிப்பு உண்டு. எண்ணெய்க் கப்பல்களை எதிர்பாராமல் கடலில் நிற்கும் ஆற்றலுக்கும் ஒரு மதிப்பு உண்டு. இவ்விரண்டையும் வெறும் விலை ஒப்பீடு எடைபோடுவதில்லை.

குறை இன்னும் ஆழமானது. நிறுவனத்தின் விளைபொருளுக்குச் சந்தை விலை உண்டு. மூளாமல் தடுக்கப்பட்ட போருக்கு விலை இல்லை. சிக்கனம் கருதி விமானப்படைக்கும் கடற்படைக்கும் பொதுவாக வகுக்கப்பட்ட எஃப்-111 விமானத்தின் கடற்படை வடிவம் 1968-இல் கைவிடப்பட்டதற்கு, இரு படைகளின் வெவ்வேறு தேவைகளை ஒன்றாகக் கருதியதே முக்கியக் காரணம். ஒரே பணியை நிறைவேற்றும் இரு வழிகளில் செலவு குறைந்ததைத் தேர இம்முறை ஏற்றது. அப்பணி தேவையா என்ற முடிவை அதனிடம் ஒப்படைப்பது தவறு, அது மக்கள் மன்றம் விவாதித்து எடுக்க வேண்டிய அரசியல் முடிவு.