பேட்ச் எண்ணைக் கேட்டால் எடுத்து நீட்ட முடியுமா?

மைசூரிலிருந்து ஊட்டிச் சாலையில் போனால் கபினிக் கரையில் நஞ்சன்கூடு. கோயிலுக்கும் ரசபாளை வாழைக்கும் பேர்போன அந்த ஊரின் தொழிற்பேட்டையில், அமெரிக்கச் சந்தைக்கும் மருந்து மூலப்பொருள் அனுப்பும் ஆலை இருக்கிறது. அதனால் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆய்வாளர்கள் இங்கு வருவதுண்டு.

இப்படி ஆய்வுக்கு வருபவர் ஒரு பேட்ச் எண்ணைச் சொல்லி அதன் முழு வரலாற்றையும் கேட்பார். மாதிரி லேபுக்கு வந்த நேரம், தராசு அச்சிட்ட எடைச் சீட்டு, எச்.பி.எல்.சி. கருவி வரைந்த மூல வரைபடம், அதை மறுபடி கணக்கிட்டிருந்தால் யார், ஏன் என்ற பதிவு. எல்லாம் காகிதத்தில் இருந்தால் கோப்பு அறைக்கும் லேபுக்கும் ஓட்டம்தான். லிம்ஸ் எனும் ஆய்வகத் தகவல் மேலாண்மை மென்பொருளோடு தராசையும் கருவியையும் இணைத்த இடத்தில், வேலை நடக்கும்போதே அத்தனையும் அந்த எண்ணின் கீழ் சேர்ந்துவிடும். ஆய்வுத் தேதி தெரிந்தபின் கோப்பு அடுக்குவதை ஒழுங்கு என்று சொல்ல முடியாது.

மறைக்க நினைத்தவர்களையும் கணினி காட்டிக்கொடுத்திருக்கிறது. பெங்களூரின் செம்லர் ஆய்வு நிறுவனத்தில் மருந்துச் சோதனைக்கான பிளாஸ்மா மாதிரிகளை மாற்றியும் திரித்தும் வைத்திருந்ததாக 2016 ஏப்ரலில் அதே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அறிவித்தது. அதற்கான ஆதாரங்களில் ஒன்று, அந்நிறுவனத்தின் சர்வரிலேயே கிடந்த கணக்குத் தாள்.

அரசுப் பக்கம் நடைமுறை வேறு. மருந்துக் கடையில் ஆய்வாளர் எடுக்கும் மாதிரியை நான்காகப் பிரித்து முத்திரையிடுவார். ஒன்று அரசு பகுப்பாய்வாளருக்குப் போய், படிவம் 13இல் அறிக்கையாகத் திரும்பும். 28 நாளுக்குள் எதிர்த்தால் மத்திய ஆய்வகத்தில் மறுசோதனை. 2024 நவம்பரில் கர்நாடகத்தின் பள்ளாரியில் பிரசவித்த தாய்மார் அடுத்தடுத்து இறந்தபோது நரம்பில் ஏற்றும் ரிங்கர் லாக்டேட் திரவத்தின் மேல் சந்தேகம் விழுந்தது. கர்நாடக ஆய்வகம் தரமற்றவை என்ற சில பேட்சுகளை மத்திய ஆய்வகம் தரமானவை என்றிருந்தது. இரண்டு லேபின் மூலப் பதிவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தால்தான் இத்தகைய முரணுக்கு விடை கிடைக்கும். ஏற்றுமதிக்குக் காட்டும் அக்கறையை உள்ளூர்த் தாய்மாருக்கும் காட்ட வேண்டாமா?

இலங்கையின் நிலை வேறு மாதிரி. அங்கு விற்கும் மருந்துகளில் பெரும்பகுதி இறக்குமதி. அதிலும் இந்தியச் சரக்கே அதிகம். கொழும்பில் தேசிய மருந்துத் தர உறுதிப்பாட்டு ஆய்வுகூடம் உண்டு. ஆனாலும் பெரும்பாலான சோதனைகள் தயாரித்த நாட்டிலேயே முடிந்துவிடுவதால், அதிகாரிகள் கைக்கு முதலில் வருவது ஆவணம்தான். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை, அந்த ஆவணங்களைக் கணினிமயமாக்கியது நல்ல முடிவுதான்.

ஆனால் 2021 ஜூலையில் அரசாங்க மேகக் கணினியிலிருந்த அதன் தரவு அழிந்துபோனது. ஒப்பந்த நிறுவனப் பொறியாளர் ஒருவர் கைதானார். கணினிமயமாக்கலின் மேல் பழி போடுவது சுலபம். காப்புப் பிரதி வேறிடத்தில் இருக்கிறதா, அழிக்கும் அனுமதி யார் கையில் என்பவைதான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள்.

2023இல் அதைவிடக் கொடிய அடி. போலி ஆவணங்களோடு தரமற்ற இம்யூனோகுளோபுலின் ஆஸ்பத்திரிகளுக்குப் போனது; அந்த வழக்கில் முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல 2024 பெப்ரவரியில் கைதானார். ஆவணத்தில் பெயர் இருந்த இந்திய நிறுவனமோ, அந்த மருந்தைத் தான் அனுப்பவேயில்லை என்றது. சான்றிதழிலுள்ள பேட்ச் எண்ணைக் கொழும்பு அதிகாரி நேரே தயாரிப்பாளரின் பதிவோடு ஒப்பிடும் இணைப்பு இருந்திருந்தால், அந்தக் குப்பிகளை ஆஸ்பத்திரிக்குப் போகுமுன்பே நிறுத்தியிருக்கலாம்.