389 வெற்றிகள் சொல்லாத ஹாஷெக்

ஐஸ் ஹாக்கியின் மிகச் சிறந்த கோல்கீப்பர் யார் என்ற பேச்சு எழும்போதெல்லாம் வெற்றிப் பட்டியலைத்தான் முதலில் எடுத்து வைக்கிறார்கள். அமெரிக்க, கனடா அணிகள் மோதும் என்எச்எல் லீக்கில் மார்ட்டின் பிரோடருக்கு 691 வெற்றிகள். பாட்ரிக் ருவாவுக்கு 551. செக் நாட்டு டொமினிக் ஹாஷெக்குக்கு 389தான். இந்தப் பட்டியலை வைத்துத் தீர்ப்பு எழுதுவது ஹாஷெக்குக்கு இழைக்கும் அநியாயம் என்பது என் கட்சி.

கோல்கீப்பரின் பெயருக்கு நேரே எழுதப்படும் வெற்றி உண்மையில் அணியின் வெற்றி. சக வீரர்கள் ஐந்து கோல் போட்டால், நான்கு கோல் விட்டவரும் வென்றவர் கணக்கில் சேர்ந்துவிடுவார். அவர்கள் ஒன்றுகூடப் போடாவிட்டால், 50 ஷாட்களைத் தடுத்தவரும் வெல்ல வழியில்லை. தன்னை நோக்கி வரும் ஷாட்களில் எத்தனையைத் தடுக்கிறார் என்பது மட்டுமே அவர் கையில் இருக்கிறது. வலை 6 அடி அகலம், 4 அடி உயரம். ‘பக்’ எனப்படும் கெட்டி ரப்பர் வில்லையின் எடை சுமார் 170 கிராம். பலமாக அடிப்பவர் கையில் அது மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும்.

1993-94 பருவத்தில் லீக்கின் சராசரி கோல்கீப்பர் 1,000 ஷாட்களில் சுமார் 895ஐத் தடுத்தார். ஹாஷெக் 930 என்ற கணக்கில் தடுத்தார். அந்தப் பருவத்தில் அவர் சந்தித்தவை 1,500க்கும் மேற்பட்ட ஷாட்கள். அப்படியானால், சராசரி ஆள் ஒருவர் அங்கே நின்றிருந்தால் அணி இன்னும் 50 கோல்களுக்கு மேல் வாங்கியிருக்கும். இது ஒரு பருவத்து அதிர்ஷ்டம் இல்லை. தொடர்ந்து ஆறு பருவங்கள் தடுப்பு விகிதத்தில் லீக்கின் முதலிடம் அவருக்குத்தான். 1998-99இல் அது 93.7 சதவீதத்தைத் தொட்டது. 735 ஆட்டங்கள் ஆடி முடித்தபோது மொத்த விகிதம் 92.2. பிரோடருக்கு 91.2, ருவாவுக்கு 91.0. லீக்கில் 700 ஆட்டங்களைத் தாண்டிய எந்தக் கோல்கீப்பரும் ஹாஷெக்கின் விகிதத்தை எட்டவில்லை.

அப்படிப்பட்டவருக்கு வெற்றிகள் ஏன் இத்தனை குறைவு? முதல் காரணம், அவர் பிறந்த நாடும் காலமும். 1965இல் செக்கோஸ்லோவாக்கியாவின் பர்துபிட்சே நகரில் பிறந்தவர். 16 வயதிலேயே ஊர் அணியின் சீனியர் வலைக்கு முன்னால் நின்றார். லீக் அணிகள் புது வீரர்களை வரிசையாக எடுக்கும் 1983ஆம் ஆண்டுத் தேர்வில் சிகாகோ பிளாக்ஹாக்ஸ் அவரை எடுத்தது, பத்தாவது சுற்றில், 199ஆம் ஆளாக. கம்யூனிஸ்ட் நாட்டிலிருந்து வீரர்கள் வருவார்களா என்பதே அன்று நிச்சயமில்லை. அதனால் அந்த நாட்டு வீரர்களைக் கடைசிச் சுற்றுகளில்தான் எடுப்பார்கள். தன்னை ஒரு அமெரிக்க அணி தேர்வு செய்த செய்தியே பல மாதங்கள் கழித்துத்தான் அவரை எட்டியது.

அதே தேர்வில் ஐந்தாம் ஆளாக பஃபலோ சேபர்ஸ் எடுத்த கோல்கீப்பர் டாம் பராசோ. பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு 18 வயதில் லீக்கில் இறங்கி, முதல் பருவத்திலேயே சிறந்த கோல்கீப்பருக்கான வெஸினா கோப்பையை வாங்கினார். ஹாஷெக் அதே வயதில் செக் லீக்கில் ஆடிக்கொண்டும், வரலாற்று ஆசிரியராவதற்குப் படித்துக்கொண்டும் இருந்தார். பர்துபிட்சேவுக்கு 1987, 1989 ஆண்டுகளில் பட்டம் வாங்கித் தந்தார். அந்த நாட்டின் சிறந்த ஹாக்கி வீரர் என்ற விருதையும் பெற்றார். ஆனால் என்எச்எல் கணக்கில் அந்த வருடங்கள் எல்லாம் பூஜ்யம். 1989 இறுதியில் பிராகில் ஆட்சி மாறிய பிறகு, 1990இல் அமெரிக்கா வந்து இறங்கியபோது அவருக்கு 25 வயது.

சிகாகோவில் முதன்மைக் கோல்கீப்பர் எட் பெல்ஃபோர் அப்போது உச்சத்தில் இருந்தார். ஹாஷெக்கை இண்டியானாபொலிஸில் இருந்த இரண்டாம் நிலை அணிக்கு அனுப்பினார்கள். இரண்டு பருவங்களில் சிகாகோவுக்காக லீக்கில் 25 ஆட்டங்கள் மட்டுமே கிடைத்தன. லீக்கின் சாம்பியனைத் தீர்மானிக்கும் 1992 ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்றின் நான்காவது ஆட்டத்தில் பெல்ஃபோர் தடுமாற, ஹாஷெக்கை இறக்கினார்கள். பிட்ஸ்பர்க் 6-5 என வென்று கோப்பையைத் தூக்கியது. எதிர் வலையில் நின்றவர் அதே பராசோ. அந்தக் கோடையிலேயே சிகாகோ ஹாஷெக்கை பஃபலோவுக்குக் கொடுத்துவிட்டது. ஹாக்கி வரலாற்றில் மிக மோசமான கைமாற்றங்களில் ஒன்று அது. ஆனாலும் அன்று யாரும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. காரணம், அவர் ஆடிய விதம்.

கோல்கீப்பர் எப்படி நிற்க வேண்டும், எப்படி மண்டியிட வேண்டும் என்பதற்கு அன்றே இலக்கணம் உருவாகிக்கொண்டிருந்தது. முழங்காலைப் பனியில் ஊன்றி, கால் காப்புகளை இரு பக்கமும் விரித்து வலையின் அடிப்பகுதியை அடைக்கும் ‘பட்டர்ஃபிளை’ முறையை ருவா பிரபலமாக்கினார். ஹாஷெக் எந்த முறைக்கும் அடங்காதவர். மல்லாந்து விழுவார், கால்களை மேலே தூக்கி வீசுவார், உருளுவார். மட்டையைக் கீழே போட்டுவிட்டு வலது கையால் பக்கை அமுக்குவார். தனியாக வரும் எதிராளியை நோக்கி வலையை விட்டுப் பாய்ந்து, அவர் காலடியில் குறுக்கே விழுவார். பார்க்கிறவர்களுக்கு இது பதற்றமாகத் தெரிந்தது. பயிற்சியாளர்களுக்கு ஒழுங்கின்மையாகத் தெரிந்தது.

மெதுவாக ஓட்டி அந்த ஆட்டங்களைப் பாருங்கள். அவர் முதலில் விழுவது அரிது. அடிப்பவர் எந்தப் பக்கம் என்று முடிவெடுக்கும்வரை காத்திருக்கிறார். பிறகுதான் உடம்பு கீழே போகிறது. நெருக்கத்திலிருந்து அடிக்கும் பக்கை உயரே தூக்கப் பெரும்பாலும் நேரமோ இடமோ இருப்பதில்லை. ஆகவே தரையை முழு உடம்பாலும் அடைத்துவிட்டு, மேலே இருக்கும் சிறு இடைவெளிக்குக் கையை விட்டுவைக்கிறார். அவர் தரையில் கிடந்த நேரத்திலும் வலையில் எங்கே இடம் திறந்திருக்கிறது என்று எதிராளியைவிட அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. அசாத்தியமாக வளைந்து கொடுக்கும் உடம்பு அவருக்கு இருந்தது உண்மைதான். அதை எப்போது வளைப்பது என்ற முடிவுதான் அவருடைய திறமை.

பஃபலோவிலும் உடனே இடம் கிடைக்கவில்லை. கிரான்ட் ஃபியூர் என்ற பெரிய பெயருக்குப் பின்னால் காத்திருந்தார். 1993-94இல் ஃபியூர் காயமடைந்தார். அப்போது ஹாஷெக்குக்கு 28 வயது. அந்தப் பருவத்தில் ஆட்டத்துக்கு 1.95 கோல் மட்டுமே விட்ட சராசரியில் முடித்தார். இரண்டுக்குக் கீழே லீக்கில் யாரும் இறங்கி இருபது வருடமாகியிருந்தது. ஏப்ரல் 27 அன்று நியூ ஜெர்ஸிக்கு எதிராக ஆறாவது பிளே ஆஃப் ஆட்டம். எதிர்முனையில் 21 வயது பிரோடர். 60 நிமிடங்கள் கோல் இல்லை. கூடுதல் நேரம் ஒன்று, இரண்டு, மூன்று என முடிந்து, நான்காவதில் நள்ளிரவு தாண்டி டேவ் ஹனன் அடித்த கோலில் பஃபலோ 1-0 என வென்றது. ஹாஷெக் தடுத்தது 70 ஷாட்கள். பிரோடரின் பெயரில் அன்று தோல்வி எழுதப்பட்டது. அவர் 49 ஷாட்களைத் தடுத்து ஒன்றை மட்டும் விட்டிருந்தார்.

1996-97இல் சேபர்ஸ் அணியில் ஒருவர்கூடப் பருவத்தில் கோலும் கோலுக்கான உதவியும் சேர்த்து 60 புள்ளிகளை எட்டவில்லை. ஆனாலும் அந்த அணி தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் கோப்பை ஹாஷெக்குக்கு வந்தது. ஆனால் அந்த வருடம் அவருக்கு நல்ல முடிவைத் தரவில்லை. ஒட்டாவாவுடனான பிளே ஆஃபில் முழங்கால் காயத்தோடு வெளியேறினார். காயம் உண்மையா என்று சந்தேகித்து எழுதிய பத்திரிகையாளர் ஒருவரின் சட்டையைப் பிடித்தார். லீக் அவரை மூன்று ஆட்டங்களுக்குத் தடை செய்தது, அபராதமும் விதித்தது. பயிற்சியாளர் டெட் நோலனோடு இருந்த மனத்தாங்கலும் வெளியே வந்தது. நோலன் அணியை விட்டுப் போக, ரசிகர்கள் அடுத்த பருவத்தின் தொடக்கத்தில் சொந்த அரங்கிலேயே ஹாஷெக்கைக் கேலிக் கூச்சலால் வரவேற்றார்கள். கைநீட்டியது தவறு, அதை நியாயப்படுத்த முடியாது. அந்தக் கூச்சலுக்கு நடுவே ஆடிய அதே பருவத்தில்தான் அவர் 13 ஆட்டங்களில் ஒரு கோல்கூட விடவில்லை. டிசம்பர் மாதத்தில் மட்டும் அப்படி ஆறு. ஹார்ட் கோப்பை மீண்டும் வந்தது. அதுவரை எந்தக் கோல்கீப்பரும் அதை இரண்டு முறை வென்றதில்லை.

1998 பிப்ரவரியில் நாகானோ ஒலிம்பிக். என்எச்எல் லீக் தன் பருவத்தையே நிறுத்தி வீரர்களை அனுப்பிய முதல் ஒலிம்பிக் அது. கனடாவும் அமெரிக்காவும் நட்சத்திரங்களால் நிரம்பியிருந்தன. செக் அணி காலிறுதியில் அமெரிக்காவை 4-1 என அனுப்பிவைத்தது. அரையிறுதியில் கனடா. செக் 1-0 என முன்னிலையில் இருக்க, ஆட்டம் முடிய 63 விநாடி இருந்தபோது டிரெவர் லிண்டன் சமன் செய்தார். கூடுதல் நேரத்திலும் முடிவில்லை. பெனால்டி ஷூட் அவுட்டில் செக் அணியின் ராபர்ட் ரைக்கல், கனடா வலையில் நின்ற ருவாவைத் தாண்டி ஒரு கோல் போட்டார். கனடாவுக்கு ஐந்து வாய்ப்புகள்: ஃப்ளூரி, போர்க், நியூவென்டைக், லிண்ட்ரோஸ், ஷனஹன். லிண்ட்ரோஸின் பக் கம்பத்தில் பட்டது. ஐவரில் ஒருவராலும் கோல் போட முடியவில்லை. ஹாக்கியின் மாபெரும் நட்சத்திரமான வேய்ன் கிரெட்ஸ்கியைக் கனடா அழைக்கவே இல்லை, அவர் பெஞ்சில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இறுதியில் ரஷ்யாவை 1-0 என வென்று தங்கம். ஆறு ஆட்டங்களில் ஹாஷெக் விட்டது ஆறே கோல்கள். பிராகின் பழைய நகரச் சதுக்கத்தில் திரண்ட கூட்டம் ‘ஹாஷெக் கோட்டைக்கு’ என்று முழங்கியது. அங்கே கோட்டை என்றால் அதிபர் மாளிகை.

1999 ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்றில் டல்லஸுக்கு எதிரான ஆறாவது ஆட்டம் மூன்றாவது கூடுதல் நேரம்வரை போனது. டல்லஸின் பிரெட் ஹல் கோல் அடித்தபோது அவரது ஸ்கேட் கோல்கீப்பரின் எல்லைக்குள் இருந்தது, அன்றைய விதி பொதுவாக அனுமதிக்காத ஒன்று அது. ஆனாலும் நடுவர்கள் கோலை ஏற்றுக்கொண்டார்கள், கோப்பை போனது. பஃபலோ நகரம் இன்றும் அதை ஏற்கவில்லை.

பலமான அணி அமைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு விடை 2002இல் கிடைத்தது. 37 வயதில் டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணிக்காக ஒரே பருவத்தில் 41 வெற்றிகள், தன் வாழ்நாளிலேயே அதிகம். மேற்கு அணிகளுக்கான இறுதியில் ருவாவின் கொலராடோ 3-2 என முன்னிலை பெற்றிருந்தது. கடைசி இரண்டு ஆட்டங்களிலும் ஹாஷெக் கோல் விடவில்லை. 2-0, பிறகு 7-0. அந்த ஆறாவது ஆட்டத்தில் பிடித்துவிட்டதாக நினைத்து ருவா கையை உயர்த்த, பக் நழுவி விழுந்தது. அதை உள்ளே தள்ளியவர் நாகானோவில் ஹாஷெக்கிடம் தோற்ற ஷனஹன். அடுத்து இறுதிச் சுற்றையும் வென்று, கோப்பை டெட்ராய்டுக்கு.

பிறகு தொடை இடுக்குக் காயங்கள், ஓய்வு அறிவிப்புகள், திரும்பி வருதல்கள். 2010இல் பர்துபிட்சேவுக்கு மீண்டும் பட்டம், அடுத்த பருவத்தில் 46 வயதில் மாஸ்கோவின் ஸ்பார்டக் அணிக்கு ஆட்டம். 2014இல் ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். 2015இல் பஃபலோ அவரது 39ஆம் எண்ணை யாருக்கும் தருவதில்லை என்று ஒதுக்கி வைத்தது. நீண்ட காலம் நின்று ஆடியதற்கு பிரோடர், பாணி ஒன்றை உலகுக்குக் கொடுத்ததற்கு ருவா. வந்த ஷாட்டைத் தடுத்தாரா என்ற கேள்விக்கு ஹாஷெக்தான் முதலிடம், அடுத்தவர் சற்றுத் தூரத்தில்தான் வருகிறார்.