மந்திரவாதி ஒருவரா, பலரா? – மிகுபுனைவு ஆட்டங்களின் வகைப்பெயர்களும் தமிழாக்கமும்

1. முன்னுரை

மூலச்சொல்லின் பொருளை அறிந்தால் அதற்குரிய நிகரனைக் கண்டுவிடலாம் என்னும் கருத்து கலைச்சொல்லாக்கத்தில் பரவலாக நிலவுகிறது. வேடமேற்று ஆடும் மிகுபுனைவு ஆட்டங்களுக்கு இக்கருத்து போதாது. அங்கு விசார்டு, சார்சரர், வார்லாக், கிளெரிக் என்பன கதைமாந்தரின் பெயர்கள் மட்டுமல்ல. ஆடுவோர் எதனைச் செய்யலாம், எதனைச் செய்யலாகாது என வரையறுக்கும் விதிகளுமாம். தமிழில் இவற்றுள் பெரும்பாலானவை ‘மந்திரவாதி’ என்னும் ஒரே சொல்லுள் அடங்கிவிடுகின்றன. இதனால் இழக்கப்படுவது யாது, அவ்விழப்பு தவிர்க்கக் கூடியதா என்பவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாய்வுக்குப் பெங்களூரு ஏற்றதொரு களமாக அமைகிறது. இந்தியாவின் தொடக்ககாலக் கணினி ஆட்ட நிறுவனங்களுள் ஒன்றான துருவா இன்டராக்டிவ் 1997இல் இந்நகரில் தோன்றியது. அசைவூட்டம், கணினி ஆட்டம், படக்கதை ஆகியவற்றுக்கெனக் கர்நாடக அரசு 2012இல் ஒரு கொள்கையை வகுத்தது. கன்னடமும் தமிழும் அருகருகே வழங்கும் நகரம் ஆதலின், மந்திரம் பற்றிய இருமொழிச் சொற்களையும் ஒப்பிட்டு நோக்க இங்கு வாய்ப்புண்டு.

2. தரப்பெயர் வகைப்பெயரானமை

கேரி கைகாக்சும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974இல் வெளிவந்தது. இதில் மூன்றே வகுப்புகள் இருந்தன: போர்வீரர், மந்திரம் கையாள்பவர், சமயகுரு. இரண்டாவது வகுப்பினர் படிப்படியாக உயருந்தோறும் ஒவ்வொரு பட்டம் பெற்றனர். அப்பட்டங்களுள் எட்டாம் படிக்குரியது வார்லாக். ஒன்பதாம் படிக்குரியது சார்சரர். பத்தாம் படிக்குரியது நெக்ரொமேன்சர். பதினோராம் படிக்குரியது விசார்டு. அஃதாவது, இச்சொற்கள் அப்போது ஒரே வகையினரின் உயர்வு தாழ்வைக் குறித்தனவேயன்றி வெவ்வேறு வகையினரைக் குறிக்கவில்லை.

பின்னர் நிலை மாறியது. 2000இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் விசார்டும் சார்சரரும் தனித்தனி வகுப்பாயினர். முன்னவர் நூல் கற்று ஆற்றல் பெறுபவர். பின்னவர் பிறப்பிலேயே ஆற்றல் உடையவர். 2004இல் துணைநூல் ஒன்றன் வழி வார்லாக் தனி வகுப்பாயினார்; இவர் வேற்றுலக ஆற்றல் ஒன்றோடு உடன்படிக்கை செய்துகொண்டவர். 2014ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பில் விசார்டின் மந்திரம் நுண்ணறிவையும், கிளெரிக்கின் மந்திரம் விவேகத்தையும், சார்சரர், வார்லாக் ஆகியோரின் மந்திரம் ஆளுமைக் கவர்ச்சியையும் அடிப்படையாகக் கொள்கின்றன.

சொற்பிறப்பு இப்பாகுபாட்டுக்குத் துணை செய்யவில்லை என்பது நோக்கத்தக்கது. சார்சரர் என்பது திருவுளச்சீட்டைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. அதில் பிறப்புரிமைக் கருத்து இல்லை. வார்லாக் என்பதன் பழைய ஆங்கில மூலம் வாக்குத் தவறியவனைச் சுட்டுவது. ஆட்டத்திலோ அவர் வாக்குக் கொடுத்தவர். நெக்ரொமேன்சர் என்பது இறந்தோரிடம் வருவது கேட்பவரைக் குறித்த கிரேக்கச் சொல்; ஆட்டத்தில் அவர் பிணங்களை எழுப்பிப் போரிடச் செய்பவர். எனவே வேறுபாடு சொல்லில் இயல்பாக அமைந்ததன்று, விதியால் ஏற்றப்பட்டது. ஆங்கிலம் தன் பழஞ்சொற்களுக்குப் புதுப்பொருள் வரையறுத்துக்கொண்டது போலவே தமிழும் செய்துகொள்ளலாம்.

3. தமிழ்ச் சொற்களின் இயல்பு

தமிழ் வழக்கில் மந்திரச் சொற்கள் பெரிதும் செயலை நோக்கியே பாகுபட்டுள்ளன. செய்வினை, ஏவல், பில்லி, சூனியம் என்பன செய்பவரைவிடச் செய்யப்படுவதையே முதன்மைப்படுத்துவன. கன்னடத்திலும் இந்நிலையே காணப்படுகிறது. அங்குச் சூனியத்தைக் குறிக்கும் ‘மாட்ட’ என்னும் சொல், ‘செய்’ எனப் பொருள்படும் ‘மாடு’ என்னும் வினையடியாகப் பிறந்தது. தமிழின் ‘செய்வினை’யும் அத்தகையதே. போர்ச்சுகீசிய மொழியில் மாந்திரீகத்தைக் குறிக்கும் ‘ஃபெய்ட்டிசு’ என்னும் சொல்லும் ‘செய்யப்பட்டது’ என்னும் பொருளுடைய இலத்தீன் மூலத்தினின்று வந்தமை ஒப்புநோக்கத்தக்கது.

மாந்திரீக நூல்கள் கூறும் அட்டகருமமும் செயல்வகைப் பாகுபாடே. பட்டியல் நூலுக்கு நூல் சிறிது வேறுபடினும் வசியம், மோகனம், தம்பனம், உச்சாடனம், ஆகருடணம், வித்துவேடணம், பேதனம், மாரணம் என எட்டாக எண்ணுவது வழக்கு. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டமும் மந்திரங்களை எட்டு நெறிகளாகப் பகுக்கிறது. எண் ஒத்திருப்பது தற்செயலே. எனினும் மொழிபெயர்ப்பாளருக்கு இங்குச் செல்வம் உண்டு. ஒருவரை அசையவொட்டாமல் நிறுத்தும் மந்திரத்துக்குத் தம்பனம் என்பதைவிடச் செறிவான சொல் கிடைப்பதரிது. உருவைச் சுருக்குதற்கும் பெருக்குதற்கும் அட்டமாசித்திகளுள் அணிமாவும் மகிமாவும் உள்ளன. ஆகவே மந்திரங்களின் பெயர்களுக்குத் தமிழில் பஞ்சமில்லை. மந்திரம் கையாள்வோரின் வகைப்பெயர்களிலேயே இடர்ப்பாடு தோன்றுகிறது.

4. ஆற்றலின் ஊற்று: மணிமேகலை தரும் சான்று

இதனால் ஆற்றலின் ஊற்றை வேறுபடுத்தி நோக்கும் மரபு தமிழுக்கு இல்லை எனக் கொள்ளுதல் பொருந்தாது. மணிமேகலைக் காப்பியத்தில் மூவகை ஊற்றுகள் தெளிவாக வேறுபடுகின்றன. காயசண்டிகையும் அவள் கணவன் காஞ்சனனும் விஞ்சையர். வானிற் செல்லும் ஆற்றல் அவர்தம் குலத்துக்கு உரியது. மணிமேகலைக்கோ வானிற் செல்லவும், வேற்றுரு எய்தவும், பசி தீரவும் உதவும் மூன்று மந்திரங்கள் தெய்வத்தால் அருளப்படுகின்றன. காயசண்டிகைக்கு யானைத்தீ என்னும் பெரும்பசி நேரச் சபித்த முனிவரின் ஆற்றல் தவத்தால் விளைந்தது. பிறப்பு, அருள், தவம் என்னும் இம்மூன்றும் ஒரே கதைக்குள் வந்தும் ஒன்றோடொன்று மயங்கவில்லை. வேறுபாடு கருத்தளவில் உண்டு. அதனைச் சுட்டும் வகைப்பெயர் வரிசைதான் அமையவில்லை.

5. இதுவரையிலான தமிழாக்கங்கள்

வெகுசன வாசிப்பில் முதலில் இடம்பிடித்த சொல் ‘மாயாவி’. 1972இல் முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யுடன் தொடங்கியது. அக்கதைத் தலைவன் மந்திரம் அறிந்தவனல்லன். மின்சாரம் பாய்ந்தால் கண்ணுக்குத் தெரியாமற் போகிறவன். இங்கு ‘மாயம்’ என்பது ‘மாயமாய் மறைந்தான்’ என்னும் பேச்சுவழக்குப் பொருளிலேயே ஆளப்பட்டது. மூலப்பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், பாத்திரத்தின் ஆற்றலைக் கண்டு பெயரிட்டமையே அத்தமிழாக்கத்தின் வெற்றிக்குக் காரணம் எனலாம்.

இதற்கு மாறாக, சிறுவர் கதைத் தமிழாக்கங்கள் மேலைநாட்டுக் கதைகளில் வரும் மந்திரக்காரப் பெண்ணைப் பெரும்பாலும் ‘சூனியக்காரி’ என்றே குறித்துவந்துள்ளன. தீய பாத்திரம் ஒன்றே வரும் கதையில் இச்சொல் இடர் தருவதில்லை. ஆனால் ஆட்டத்தில் அப்பாத்திரத்தை ஆடுபவர் தாமே விரும்பி ஏற்கிறார். அவர் நல்லவராகவும் இருக்கலாம். நடுநிலையான வகைப்பெயராகும் தகுதி இச்சொல்லுக்கு இல்லை.

6. பெயரிடுதலின் விளைவு

இச்சிக்கல் ஆட்டத்தோடு நின்றுவிடுவதன்று. பீகார் 1999இலும் சார்க்கண்டு 2001இலும் இயற்றிய சட்டங்கள் ஒரு பெண்ணைச் சூனியக்காரி என அடையாளப்படுத்துவதையே குற்றமாக்கின. கர்நாடகம் 2017இல் இயற்றி 2020இல் நடைமுறைப்படுத்திய சட்டம், பேயோட்டுவதாகக் கூறி ஒருவரைக் கட்டி அடித்தல் போன்ற மனிதத்தன்மையற்ற செயல்களைத் தடை செய்கிறது. ஆங்கிலத்தில் பழங்கதைச் சொல்லாகத் தேய்ந்துவிட்ட ஒன்றன் நிகரன், இந்திய மொழிகளில் இன்றும் பழிச்சொல்லாக உயிரோடிருக்கிறது. கன்னடத்தின் ‘மாட்டகாத்தி’யும் தமிழின் ‘சூனியக்காரி’யும் இத்தகையன. அகராதிப் பொருள் ஒத்திருப்பினும் சமூக விளைவு ஒவ்வாத நிகரன் நல்ல நிகரன் ஆகாது.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன. ஒன்று, ஆங்கில வகைப்பெயர்களின் வேறுபாடு ஆட்டவிதியால் அமைந்தது. ஆதலின் ஒவ்வொன்றுக்கும் சொற்பிறப்பு வழி நிகரன் தேடுதல் வீண். இரண்டு, மந்திரவாதி என்பதைப் பொதுச்சொல்லாக நிறுத்தி, ஆற்றலின் ஊற்றை அடையாக்கி வகைப்பெயர் அமைக்கலாம். நூல்வழி ஆற்றல் பெற்றவர் ‘ஏட்டு மந்திரவாதி’; பிறப்பால் பெற்றவர் ‘பிறவி மந்திரவாதி’; உடன்படிக்கையால் பெற்றவர் ‘பிணை மந்திரவாதி’. ‘ஒப்பந்த’ என்னும் அடை ஒப்பந்தத் தொழிலாளரை நினைவூட்டுவதால் தவிர்க்கத்தக்கது. தெய்வத்தால் ஆற்றல் பெறும் கிளெரிக்கிற்குப் ‘பூசாரி’ என்பது தொழிலை மட்டுமே சுட்டும். ‘அருளாளர்’ ஊற்றையும் சுட்டும். குறிப்பிட்ட பண்பாட்டுக்கே உரிய துரூயிடு என்பதை ஒலிபெயர்த்தலே தகும். மூன்று, சூனியம், பில்லி, ஏவல் ஆகியவற்றை அடியாகக் கொண்ட பெயர்களை ஆடுவோர் ஏற்கும் வகைப்பெயர்களாக வைத்தலாகாது.

இவ்வடைகள் யாவும் பேச்சுவழக்கில் உள்ளவை, புதிதாய் ஆக்கப்பட்டவையல்ல. ஆடுமேசையில் உரக்கச் சொல்லுதற்கு எளியனவாய் இருத்தலே இத்தகைய பெயர்களுக்குரிய இறுதித் தேர்வு. அத்தேர்வில் தோற்கும் பெயர், பொருளால் எத்துணைப் பொருத்தமுடையதாயினும், விரைவில் ‘விசார்டு’க்கே இடம் விட்டு ஒதுங்கும்.