கூட்டாளிகளும் குற்றவாளிகளும்: ஸ்பைடர் வாசிப்பை முன்வைத்துச் சில குறிப்புகள்

தமிழில் காமிக்ஸ் பற்றி விமர்சகர்கள் பேசியது குறைவு. பேசியவர்களும் இரண்டே பதில்களைத்தான் கையில் வைத்திருந்தார்கள். ஒன்று, அது சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம். மற்றது, அது ஏகாதிபத்தியப் பண்பாட்டின் இறக்குமதிச் சரக்கு. முதல் பதிலைப் பண்டிதர்கள் சொன்னார்கள், இரண்டாவதை முற்போக்கு நண்பர்கள் சொன்னார்கள். இரு தரப்புக்கும் பொதுவானது ஒன்றுண்டு. படிக்கிறவன் என்ன பேசுகிறான் என்பதை இரண்டு பேருமே காது கொடுத்துக் கேட்கவில்லை. பிரதியைப் பார்த்தார்கள், அதன் மேலட்டையைப் பார்த்தார்கள், வாசகனை மட்டும் பார்க்கவில்லை.

இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் எனக் கடலை ஒட்டி நீளும் எங்கள் பகுதியில் காமிக்ஸ் வாசகர்கள் எனக்கு முந்திய தலைமுறையிலிருந்தே உண்டு. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், லேத் பட்டறைக்காரர், போர்டு எழுதுகிறவர், பள்ளி ஆசிரியர் எனப் பலதரப்பட்டவர்கள். நாலு பேர் கூடினால் பேச்சு இரண்டு விஷயங்களைச் சுற்றித்தான் போகும். அடுத்து என்ன கதை வரப்போகிறது? எந்த வில்லன் கூட்டம் உசத்தி? இந்தப் பேச்சை வெட்டிப் பேச்சு என ஒதுக்காமல் விமர்சனமாகவே எடுத்துக்கொண்டு பார்க்கலாம் என்பதே இங்கு என் முயற்சி.

முதலில் சில விவரங்கள். சிவகாசியிலிருந்து 1972 சனவரியில் முத்து காமிக்ஸின் முதல் இதழ் வந்தது. நாயகன் இரும்புக்கை மாயாவி. 1984 சூலையில் அதே குடும்பத்திலிருந்து விஜயனை ஆசிரியராகக் கொண்டு லயன் காமிக்ஸ் வந்தது. முதல் இதழ் 'கத்தி முனையில் மாடஸ்டி'. அதே ஆண்டிலேயே ஸ்பைடரும் லயனில் நுழைந்தான். கறுப்பு உடை, கூரான காது, துப்பாக்கியிலிருந்து பீறிடும் வலை, பறக்கிற ஹெலிகார். அமெரிக்க ஸ்பைடர்மேனுக்கும் இவனுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. இவன் 1965இல் பிரிட்டனின் லயன் வாரப் பத்திரிகையில் பிறந்தவன். படைத்தவர்கள் டெட் கோவன் என்ற எழுத்தாளரும் ரெக் பன் என்ற ஓவியரும். பிறந்த ஊரில் 1969லேயே அவன் கதை நின்றுபோனது. தமிழிலோ நாற்பது ஆண்டுகளாக அவன்மேல் சண்டை நடந்துகொண்டிருக்கிறது.

அந்தச் சண்டைதான் முக்கியம். ஸ்பைடர் முதலில் வருவது வில்லனாக. உலகத்துக் குற்றவாளிகளுக்கெல்லாம் அரசனாக வேண்டும் என்பதே அவன் ஆசை. அதற்காக ஒரு கூட்டம் சேர்க்கிறான். கருவிகள் செய்ய விஞ்ஞானி பெல்ஹாம், பெட்டகம் உடைக்க ஆர்டினி. துரத்துகிற துப்பறிவாளர்கள் இரண்டு பேர் இருந்தும் கதை அவர்கள் பக்கம் நிற்பதில்லை. பிறகு ஒரு கட்டத்தில் ஸ்பைடர் மனம் மாறுகிறான். திருடுவதில் சுவாரசியம் போய்விட்டது, இனித் திருடர்களைப் பிடிக்கலாம் என்கிறான். குற்றச் சக்கரவர்த்தி நீதிக் காவலனாகிறான்.

எங்கள் பகுதி வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவது இங்கேதான். துறைமுகத்து நண்பர் சொல்வார்: "கூர்மண்டையன் நல்லவனா மாறினப்புறம் கத சப்புனு ஆயிடுச்சி. சொந்தமா கோட்ட வச்சிருந்தவன் போலீசுக்கு எடுபுடி வேல பாக்கறான், இன்னாத்துக்கு?" ஆசிரியர் நண்பர் விட மாட்டார்: "திருந்தினாத்தானே அண்ணே ஹீரோ? கடைசிவரைக்கும் திருடனாவே இருந்தா பசங்களுக்கு என்ன சொல்றது?" மறுபதிப்பு எதுவும் அறிவிக்கப்படும்போதெல்லாம் இதே வாதம் புதிதாகக் கிளம்பும். பழைய ஸ்பைடரா, திருந்திய ஸ்பைடரா? கேட்பதற்கு அற்பமாகத் தெரியும் இந்தக் கேள்வியின் உள்ளே கிடப்பது பெரிய கேள்வி. சட்டத்திற்கு வெளியே நின்றவனைச் சட்டம் தன் வேலைக்கு எடுத்துக்கொள்ளும்போது அவனுக்கு என்ன ஆகிறது?

இது ஸ்பைடரோடு நிற்கவில்லை. மாயாவியைப் பாருங்கள். 1962இல் பிரிட்டனின் வேலியன்ட் பத்திரிகையில் வந்த மூலத்தில் அவன் பெயர் லூயி கிராண்டெல், ஆய்வகத்தில் உதவியாளன். விபத்தில் கையைப் பறிகொடுத்தவன். மாட்டியது இரும்புக் கை. மின்சாரம் தாக்கினால் அந்தக் கை தவிர உடம்பு முழுதும் மறைந்துபோகும். முதல் கதையில் அவன் செய்வது கொள்ளையும் மிரட்டலும்தான். பிறகே அரசாங்கத்தின் இரகசிய நிழற்படையில் உளவாளியாகிறான். லயனின் முதல் நாயகி மாடஸ்டி யார்? நெட்வொர்க் என்ற குற்றக் கூட்டத்தை நடத்தி ஓய்ந்தவள், பிரிட்டிஷ் உளவுத்துறைக்காரர் கூப்பிடும்போதெல்லாம் போய் வேலை செய்து கொடுக்கிறவள். ஆக, தமிழ்க் காமிக்ஸின் மூன்று தூண்களும் ஒரே மரத்தில் வெட்டியவை. மூன்று பேரும் குற்றத்தில் தொடங்கி, அரசோடோ சட்டத்தோடோ சமாதானமாகிப் போனவர்கள். 'நல்லவன் கெட்டவனை வெல்லும் கதை' எனக் காமிக்ஸை ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஸ்பைடரைத் திருத்தியவர் யார் என்று பார்த்தால் இன்னும் ஓர் அடுக்கு திறக்கிறது. மூன்றாவது கதையிலிருந்து எழுதியவர் ஜெர்ரி சீகல், சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர். 1933இல், பொருளாதாரப் பெருவீழ்ச்சியின் நடுவே, அவர் தாமே நடத்திய சிற்றிதழில் எழுதிய முதல் 'சூப்பர்மேன்' ஒரு வில்லன். இலவச ரொட்டிக்கு வரிசையில் நின்றவனைப் பிடித்து ஒரு விஞ்ஞானி சோதனை செய்ய, அவன் அபார ஆற்றல் பெற்று உலகத்தை ஆள நினைக்கிறான். பசித்தவன் கையில் ஆற்றல் கிடைத்தால் அது ஆபத்து என்பது அந்தக் கதையின் பயம். 1938இல் அச்சேறிய சூப்பர்மேன் நல்லவனாகிவிட்டான். சீகலும் ஓவியர் ஷூஸ்டரும் அவனை 130 டாலருக்கு விற்றுவிட்டு, பிறகு ஆயுள் முழுக்க உரிமைக்காக நீதிமன்றப் படியேறினார்கள். தன் படைப்பைப் பறிகொடுத்த அந்த எழுத்துத் தொழிலாளிதான் அறுபதுகளில் கடல் கடந்த ஒரு பத்திரிகைக்கு ஸ்பைடரை எழுதிக் கொடுத்தார். வில்லனை நாயகனாக்குகிற வேலையை அவர் இரண்டாவது முறையாகச் செய்தார் என்பது தற்செயலாக இருக்கலாம். அதைத் தமிழ் வாசகன் நாற்பது ஆண்டுகளாக ஒத்துக்கொள்ளவில்லை என்பது தற்செயல் அல்ல.

ஏன் ஒத்துக்கொள்ளவில்லை? இந்தக் கதை நமக்கு ஏற்கெனவே தெரிந்த கதை. மதுரை வீரன் கதையை நினைத்துப் பாருங்கள். அருந்ததியர் வீட்டில் வளர்ந்த வீரன், அரசன் வீட்டுப் பெண்ணைக் கவர்ந்து வந்தவன், அதாவது சட்டத்தின் பார்வையில் குற்றவாளி. அவனைத்தான் திருமலை நாயக்கன் கள்ளர்களை அடக்க அனுப்புகிறான். வீரன் அடக்குகிறான். வேலை முடிந்த பிறகு கிடைத்த கூலி மாறுகால் மாறுகை. அரசனுக்கு வேலை செய்த குற்றவாளியின் உடம்பு அரசனுக்கே சொந்தம் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் காமிக்ஸும் சொல்லவில்லை. கிட்டத்தட்டச் சொன்ன ஒன்றுண்டு. 1987இல் ஜான் ஆஸ்ட்ரேன்டர் மீட்டெடுத்து எழுதிய 'சூசைட் ஸ்குவாட்'. சிறையிலிருக்கும் வில்லன்களை அரசாங்கம் அணியாகச் சேர்த்து இரகசிய வேலைகளுக்கு அனுப்புகிறது. பிழைத்து வந்தால் தண்டனைக் குறைப்பு, தப்பி ஓடினால் கையில் மாட்டிய காப்பு வெடிக்கும். வாசகர்கள் கொண்டாடும் வில்லன் அணிகளில் இது முன்வரிசையில் நிற்பதற்குக் காரணம் வில்லன்களின் வித்தைகள் மட்டுமல்ல. யாருக்காக இவர்கள் சாகிறார்கள் என்ற கேள்வியும்தான்.

இப்போது 'கேங்' என்ற சொல்லுக்கு வருகிறேன். போலீஸ் வாயிலும் செய்தித்தாளிலும் சினிமாவிலும் இந்தச் சொல்லும் வடசென்னையும் ஒட்டிப் பிறந்தவை. ஆனால் துறைமுகத்தில் கேங் என்றால் கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளர் குழு. மேஸ்திரி, விஞ்ச் ஓட்டுகிறவர், மஸ்தூர்கள் சேர்ந்தது ஒரு கேங். ஒருவர் கவனம் தப்பினால் இன்னொருவர் தலையில் சரக்கு விழும். ஆகவே கேங் என்பது ஒருவர் உயிரை இன்னொருவர் கையில் கொடுத்துச் செய்யும் வேலை. அந்த வேலையில் இருந்தவர் வில்லன் கூட்டத்தைப் படிக்கும்போது நம் விமர்சகர் பார்க்காத ஒன்றைப் பார்க்கிறார். துறைமுகத்து நண்பர் கேட்டார்: "கருவியெல்லாம் செய்யறவன் பெல்ஹாம். பூட்ட தொறக்கறவன் ஆர்டினி. பேரு மட்டும் ஸ்பைடருக்கு. பங்கு எவ்வளவுன்னு எந்தக் கதையிலயாவது போட்டிருக்கானா?" இதற்கு மேல் வர்க்கப் பகுப்பாய்வு என்று நாம் எதைச் செய்யப் போகிறோம்?

ஸ்பைடரை ஒரேயடியாக உயர்த்திப் பிடிக்க எனக்கு விருப்பமில்லை. அவன் தன் கூட்டாளிகளை மதிப்பதில்லை. தற்பெருமை அடங்குவதில்லை. கிளர்ந்தெழும் கூட்டாளியை மிரட்டியே பணிய வைக்கிறான். வில்லனாக இருந்தபோதும் நீதிக் காவலனான பிறகும் இந்தக் குணம் மட்டும் மாறவேயில்லை. இந்தத் திமிருக்கு விசில் அடிக்கிற வாசகர்கள் உண்டு. ஒற்றைத் தலைமையை வழிபட்டே பழகிய நம் அரசியலின் நிழல் அங்கேயும் விழுகிறது. அதோடு, பெல்ஹாம் – ஆர்டினி – ஸ்பைடர் உலகத்தில் பெண்ணுக்கு இடமில்லை. அங்கொருத்தி இங்கொருத்தி வந்தாலும் அணியில் சேர்க்கப்படுவதில்லை. எங்கள் பேச்சிலும் பெண் குரல் குறைவு. ஆண்களின் மலரும் நினைவாக மட்டும் இது சுருங்கிவிடும் அபாயம் நிஜமானது. 2012க்குப் பிறகு லயனும் முத்துவும் புத்துயிர் பெற்று வண்ணத்தில், நல்ல தாளில் வரத் தொடங்கின. விலையும் கூடியது. வாடகை நூல்நிலையத்தில் சில்லறைக்குப் படித்தவன் இன்று இரவல் வாங்கித்தான் படிக்கிறான்.

ஆனாலும் திருந்தாத ஸ்பைடர்மீது இவர்கள் வைத்திருக்கும் பிடிவாதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. பிறப்பைக் கொண்டே குற்றவாளி என்று முத்திரை குத்தும் குற்றப் பரம்பரைச் சட்டத்தை வெள்ளையர் 1871இல் கொண்டுவந்தனர். 1911இல் அது சென்னை மாகாணத்திற்கும் வந்தது. சட்டம் போய்விட்டது, பார்வை போகவில்லை. பிறந்த சாதியின் இடத்தில் பிறந்த ஏரியா வந்து உட்கார்ந்திருக்கிறது. ஏரியாவைச் சொன்னதும் முகம் மாறுவதை வேலை கேட்டுப் போன பையனிடம் கேட்டுப் பாருங்கள். இங்கே ஒரு வழக்கு விழுந்தவனுக்கு முன்னால் இருப்பது பெரும்பாலும் இரண்டு வழி. ஒன்று ஆள்காட்டியாக வேண்டும், அல்லது யாரோ ஒரு பிரமுகருக்கு அடியாளாக வேண்டும். இரண்டுமே 'திருந்துவது' என்றுதான் சொல்லப்படுகிறது. வெற்றிமாறனின் 'வட சென்னை' (2018) இந்தச் சுழலைத்தான் காட்டியது. கூட்டத்தைக் கூட்டத்தோடு மோதவிட்டு, இடையில் குப்பத்தைக் காலிசெய்ய வருகிறவன் யார் என்பதே அதன் கேள்வி. ஆக, "நல்லவனா மாறினப்புறம் கத சப்புனு ஆயிடுச்சி" என்பது இரசனைக் குறிப்பாக மட்டும் நின்றுவிடவில்லை. எப்படிப்பட்ட திருந்தல் தங்களுக்கு விதிக்கப்பட்டிருக்கிறது என்பதைத் தெரிந்தவர்களின் வாசிப்பு அது.

வில்லனுக்கு முகம் வேண்டும் என்பது காமிக்ஸின் இலக்கணம். எங்கள் ஊரில் அந்த இலக்கணம் உதவுவதில்லை. 2017 சனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரைக்கு வந்தது. வாளியை வைத்துக்கொண்டு கையால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கொசஸ்தலை ஆற்றில் கலந்து முகத்துவாரம்வரை படிந்தது. அதே மாத இறுதியில், நள்ளிரவில், கடலுக்கடியிலிருந்த குழாயிலிருந்து அமோனியா கசிந்து ஜனங்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். இதையெல்லாம் செய்தவர்களை யாரும் கேங் என்று எழுதவில்லை. விபத்து என்றார்கள், கசிவு என்றார்கள். செய்தவன் இல்லாத வினைச்சொற்கள்.

இங்கேதான் 'இரத்தப் படலம்' நினைவுக்கு வருகிறது. வான் ஹாம் எழுதி வான்ஸ் வரைந்து 1984இல் பிரெஞ்சில் தொடங்கிய தொடர். தமிழில் வாசகர்கள் விடாமல் கேட்டுக் கேட்டு 2010இல் பெருந்தொகுப்பாக வரவைத்தார்கள். நினைவிழந்த ஒருவன், கழுத்தோரம் பதின்மூன்று என ரோமன் எண் பச்சை குத்தப்பட்டவன், நாட்டின் தலைவரைக் கொன்றதாகத் தேடப்படுகிறவன். உண்மையான சதிக் கூட்டம் இருபது பேர் கொண்டது. அதில் முகமூடிக்காரன் எவனுமில்லை. தளபதிகள், அரசியல்வாதிகள், பணக்காரர்கள். பெயர்கூட இல்லை, எண்தான். நான் படித்த வில்லன் அணிகளில் ஆகச் சிறந்தது இதுதான் என்பேன். ஸ்பைடர் கதையில் குற்றவாளி அரசின் பக்கம் போகிறான். இங்கே அரசின் உள்ளே போய்ப் பார்த்தால் குற்றவாளிகள் உட்கார்ந்திருக்கிறார்கள், குற்றம் சாட்டப்பட்டவன் வெளியே ஓடிக்கொண்டிருக்கிறான். துறைமுகத்து நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் அதிசயப்படவில்லை. "இருவது பேரோட முடிச்சிட்டான் பாரு, அதான் கத" என்றார்.

இலக்கியப் பத்திரிகை நடத்துகிற நமக்கு இவர்களிடம் கற்றுக்கொள்ள இன்னொன்றும் உண்டு. அடுத்து எது வர வேண்டும் என்று இவர்கள் கேட்கிறார்கள். ஆசிரியருக்குக் கடிதம் எழுதிச் சண்டை போடுகிறார்கள். வந்தது பிடிக்காவிட்டால் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். நம் பக்கங்களில் வாசகன் சந்தா கட்டுவதோடு சரி. பண்பாட்டு அரசியல், மாற்றுக் கதையாடல் என்றெல்லாம் எழுதுகிற நாம், கதை எப்படி முடிய வேண்டும் என்பதில் இத்தனை கறாரான கருத்து வைத்திருக்கும் மக்களிடம் போய் உட்கார்ந்ததில்லை. போக வேண்டும். போகும்போது பாடம் நடத்தப் போகக் கூடாது. பெல்ஹாமுக்கும் ஆர்டினிக்கும் பங்கு எவ்வளவு என்று அவர் கேட்ட கேள்விக்குப் பதில் யோசித்துக்கொண்டு போக வேண்டும்.