விட்ட மீனும் கொன்ற மீனும்

ஹெமிங்வேயின் 'கிழவனும் கடலும்' (1952) நாவலில் எனக்குப் பிடித்த இடம் சுறாக்கள் வருவதல்ல. மார்லினைச் சகோதரன் என்றழைத்த சாந்தியாகோ, பிழைப்புக்காக மட்டுமல்ல, கர்வத்துக்காகவும் கொன்றேன் என்று தனக்குள் ஒப்புக்கொள்ளும் இடம். பிடித்து, படமெடுத்து, விட்டுவிடுகிறவர்களுக்கு இந்த ஒப்புதல் தேவைப்படுவதில்லை. காவிரியில் காளிபோரே முகாமில் மஷீர் என்ற பெருங்கெண்டையை அப்படித்தான் பிடித்தார்கள், 2012இல் தடை வரும்வரை.

ஆனா அவங்களைச் சும்மா திட்டிவிட முடியாது. கூன்முதுகு மஷீர் மறைந்துவருவதும், வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மஷீர் பெருகுவதும் தெரியவந்தது அவர்கள் எழுதிவைத்த பதிவேட்டால்தான். கர்வம் கணக்கு எழுதியிருக்கிறது!

நான் காஞ்சிபுரத்துத் தறி வீட்டுப் பையன். புழுவைக் கூட்டோடு வேகவைத்து எடுத்த நூலில்தான் இன்ஜினியரிங் படித்தேன். எங்க வீட்டுல யாரும் அந்தப் புழுவைச் சகோதரன்னு சொன்னதில்லை.