ஆமை முதுகில் மேடு: குற்றவாளி புரதமா?

ஆமையின் ஓடு அது குடியிருக்கும் வீடு என்று நினைக்கிறீர்களா? அல்ல, அது ஆமையின் உடம்பு. விலா எலும்புகளும் முதுகெலும்பும் இணைந்த எலும்புக் கவசத்தின் மேல், நம் நகத்தில் உள்ள கெரட்டின் என்னும் பொருளாலான தகடுகள் போர்த்தியுள்ளன. ஆகவே ஓட்டின் நோய் உடம்பின் நோயே.

வளர்ப்பு ஆமைகள் பலவற்றில் ஒவ்வொரு தகடும் கூம்பு போல மேடிட்டு நிற்கும். புரதம் மிகுந்த தீனியே காரணம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. வீஸ்னர், ஈபன் என்னும் ஆய்வாளர்கள் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தை உரைத்துப் பார்த்தது. ஆப்பிரிக்காவின் சல்கேட்டா ஆமைக் குஞ்சுகள் 50ஐ ஐந்து குழுக்களாகப் பிரித்து 5 மாதம் வளர்த்தார்கள். வறண்ட காற்றில் வளர்ந்தவற்றுக்கு மேடு உயர்ந்தது. ஈரக் காற்றில் வளர்ந்தவற்றுக்குத் தாழ்ந்தே இருந்தது. புரதத்தின் பங்கு சிறிதே.

வறண்ட நிலத்து ஆமைக்கு ஈரம் எதற்கு என்று கேட்பீர்கள். சல்கேட்டா வளை தோண்டி வாழ்வது. வெளியே வெயில் கொளுத்தினாலும் வளைக்குள் காற்று ஈரமாக இருக்கும். நிலத்தைப் பார்த்தோமே தவிர வளையைப் பார்க்கவில்லை!

ஊகத்தைச் சோதனையில் நிறுத்தியது இவ்வாய்வின் சிறப்பு. ஆனால் அதன் எல்லையையும் மறக்கலாகாது. ஓர் இனம், குஞ்சுப் பருவம், ஐந்து மாதம், அவ்வளவே. நம் நாட்டு நட்சத்திர ஆமைக்குக் காட்டிலேயே மேடிட்ட முதுகு அமைவதுண்டு. அங்கே மேடெல்லாம் நோயாகாது.

இவ்வாய்வைப் பிடித்துக்கொண்டு ஆமையை எந்நேரமும் ஈரத்தில் ஊறவிடுவதும் தவறு. காற்றோட்டமற்ற அழுக்கு ஈரத்தில் பாக்டீரியாவும் பூஞ்சையும் ஓட்டை அரிக்கும். குழி, துர்நாற்றம், தகடு கழலுதல், கசிவு ஆகியவை அதன் அடையாளங்கள். வளர்ந்த ஆமையின் ஓடு அழுத்தினால் நெகிழுமானால் நோய் வேறு: சுண்ணாம்புச் சத்தோ, அது உடலில் சேர வேண்டிய புற ஊதாக் கதிரோ குறைந்திருக்கக்கூடும். புதிதாகப் பிறந்த குஞ்சின் ஓடு சற்று நெகிழ்வது இயல்பே.

சிகிச்சை என்ன? எழும்பிய மேடு மறையாது; சூழலைத் திருத்தினால் இனி வளரும் பகுதி சீராக அமையலாம். அழுகலுக்கும் வெடிப்புக்கும் கால்நடை மருத்துவரே துணை. எண்ணெயோ வண்ணமோ பூசாதீர்கள். உள்ளே உள்ள நோயை அது மறைக்கும்.

ஒன்றை மறவாதீர்கள்: 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்ப்பது இந்தியாவில் குற்றம். அதன் ஓட்டுக்கு நாம் செய்யக்கூடிய முதல் வைத்தியம், அதைக் காட்டில் விட்டுவைப்பதே.