பால்வாடியில் நேரம் யாருக்கு?

காலை பத்தரை மணி. கிராமத்து அங்கன்வாடி ஒன்றில் நான்கு வயதுச் சிறுமி புளியங்கொட்டைகளை நீளமாக அடுக்கிவிட்டு, "டீச்சர், ரயிலு!" என்று கூப்பிடுகிறாள். டீச்சர் நிமிரவில்லை. போஷன் டிராக்கர் செயலியில் குழந்தைகளின் எடையைப் பதிந்தாக வேண்டும். சிக்னல் இல்லாமல் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அடுப்படியில் ஆயாம்மா முட்டைகளை எண்ணுகிறார். இன்னும் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்த சிறுமி, ரயிலைத் தானே கலைத்துவிடுகிறாள்.

ஆய்வுக்கு வருகிறவர் இந்த மையத்தில் குறை காண முடியாது. சுவரில் படம் இருக்கிறது, எடை மெஷின் இருக்கிறது, நேரத்துக்குச் சோறு வருகிறது. இவையெல்லாம் தாமாக வந்துவிடவும் இல்லை. 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தைத் தமிழ்நாடு தன் போக்கில் வளர்த்தெடுத்தது. 1982இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு, பள்ளிக்கூடத்தோடு நில்லாமல் பால்வாடிக்கும் போனது. இன்று 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள். 2006இல் வெளியான 'ஃபோகஸ்' அறிக்கை ஆறு மாநிலங்களின் அங்கன்வாடிகளை ஒப்பிட்டபோது தமிழ்நாடுதான் முன்னால் நின்றது. பிள்ளைக்குச் சோறு நிச்சயம் என்ற நம்பிக்கையில்தான் கூலி வேலைக்குப் போகும் தாய் நிம்மதியாகப் போகிறாள்.

ஆனால் இந்தப் பலத்தின் நிழலிலேயே குறையும் வளர்ந்திருக்கிறது. ஊட்டச்சத்து, தடுப்பூசி, மருத்துவப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல், தாய்மாருக்கு ஆலோசனை, முன்பருவக் கல்வி என ஆறு சேவைகளும் ஒரு பணியாளர், ஓர் உதவியாளர் தலையில். இதற்கு மேல் வாக்காளர் பட்டியல் வேலையும் வந்து சேரும். முட்டைக்குக் கணக்கு உண்டு, சத்துமாவு பாக்கெட்டுக்குக் கையெழுத்து உண்டு. குழந்தையோடு எத்தனை நிமிடம் பேசினார் என்பதற்குப் பதிவேடு கிடையாது. கேள்வி கேட்கப்படும் வேலை முந்திக்கொள்கிறது. கேட்கப்படாதது நாளைக்குத் தள்ளிப்போகிறது.

கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளியலாளர்கள் தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 320 மையங்களை எடுத்துக்கொண்டு இதைச் சோதித்தார்கள். பாதி மையங்களில், முன்பருவக் கல்விக்கென்றே அரைநாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாக அமர்த்தினார்கள். அங்கே கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. 18 மாதத்தில் மொழியிலும் கணக்கிலும் குழந்தைகள் முன்னேறினார்கள். ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தது என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. கற்பிக்கும் சுமை இறங்கியதும், பழைய பணியாளருக்கு உடல்நலத்தைக் கவனிக்க நேரம் கிடைத்தது. சோறா, படிப்பா என்று நாம் பிரித்துப் பேசுவதே வீண் வழக்கு.

இந்தக் கூடுதல் பணியாளர் ஏற்பாட்டை அப்படியே விரிவாக்கிவிடலாமா? அங்கேதான் தயக்கம். 2018இல் ஒன்றிய அரசு உயர்த்தி வகுத்த தொகையே பணியாளருக்கு மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250. மாநிலம் கூடுதலாகச் சேர்த்துக் கொடுத்தாலும் அதற்குப் பெயர் சம்பளம் இல்லை, மதிப்பூதியம். இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று சொல்லவே 2022இல் உச்ச நீதிமன்றம் வேண்டியிருந்தது. மலிவான இன்னொரு கையைச் சேர்த்தால் முதல் ஒன்றரை ஆண்டு நன்றாகவே ஓடும். பத்தாவது ஆண்டில் அந்தக் கை எப்படி இருக்கும் என்பதை 18 மாதச் சோதனை சொல்லாது.

நேரம் மட்டும் இருந்தாலும் போதாது. பால்வாடியை விட்டுப் பெற்றோர் ஓடும் எல்.கே.ஜி. வகுப்புகளில் நேரத்துக்குப் பஞ்சமில்லை. மூன்று வயதுக் கையில் பென்சிலைத் திணித்து நாலு வரி நோட்டை நிரப்புவதில் அது கழிகிறது. புளியங்கொட்டை ரயிலுக்கு அங்கே இடமே இல்லை. அந்த வகையில் அங்கன்வாடியின் 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டம் சரியான திசையில்தான் இருக்கிறது. கூட ஆடிப்பாட ஆள்தான் ஓய்வாக இல்லை.

இரண்டாவது பணியாளர் வரும்போது வரட்டும். காலை பத்து முதல் பன்னிரண்டு வரை செயலியும் பதிவேடும் வெளிவேலையும் டீச்சரை அண்டக் கூடாது என்று இன்றே ஓர் உத்தரவு போடலாம். அதற்குப் புதுக் கட்டடம் தேவையில்லை, உலக வங்கிக் கடனும் தேவையில்லை.